ஒரு வரியின் வரலாறு



ஆண்டுதோறும் வீட்டு வரி செலுத்திப் பெறும் ரசீதை நம்மில் பெரும்பாலோர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதனைச் சற்று நிதானமாகப் படித்தால், வீட்டு வரிக்குக் கீழே ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு வரி இருப்பதைக் காணலாம். வீட்டு வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய். மாடி வீட்டுக்காரரும் செலுத்துகிறார். ஓட்டு வீட்டுக்காரரும் செலுத்துகிறார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் தம் வீட்டுக்குரிய பங்கைச் செலுத்திவிட்டே ரசீது பெறுகிறார்.

ஆனால், கடைத்தெருவின் முனையில் இருக்கும் கிளை நூலகத்தை ‘கவர்மெண்ட் லைப்ரரி’ என்று அழைத்து, அது யாருக்கோ உரியது போலக் கடந்து செல்கிறோம். நாமே பணம் கொடுத்து நடத்தும் ஒன்றை நமதென்று அறியாமல் இருப்பது வியப்பிற்குரியது. இந்த ஒரு வரி நம் ரசீதுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதற்காக உழைத்தவர் யாவர், அதனால் ஊர்கள் அடைந்த பயன் யாது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழவணிகர் எழுப்பிய நூலகம்

பொதுமக்களுக்கான நூலகம் என்பது அண்மைக் காலத்தில் மேலைநாட்டார் கண்ட ஏற்பாடு என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கி.பி. 1005-இல் கெய்ரோவில் திறக்கப்பட்ட ‘தாருல் இல்ம்’ என்னும் அறிவில்லத்தில், படிக்க வருவோர்க்கும் படியெடுக்க வருவோர்க்கும் மையும் எழுதுகோலும் காகிதமும் இலவசமாக வழங்கப்பட்டன. நூலகங்களுக்கென நிலங்களையும் கடைகளையும் வக்ஃபு செய்து, அவற்றின் வருவாயைக் கொண்டு நூல்களைப் பேணும் வழக்கம் பல நகரங்களில் வேரூன்றியிருந்தது.

இதற்குத் தலைசிறந்த சான்று, இன்றைய துருக்மெனிஸ்தான் நாட்டில் அழிபாடுகளாகக் கிடக்கும் மர்வு நகரமாகும். புவியியல் அறிஞர் யாகூத் அல் ஹமவீ அவர்கள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குத் தங்கியிருந்தார். அவர் செல்வக் குடியில் பிறந்தவர் அல்லர். சிறுவயதிலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, பக்தாது வணிகர் ஒருவரிடம் அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்று, நூல்களைப் படியெடுத்து விற்றுப் பிழைத்தவர். மர்வில் பத்து நூலகங்கள் இருந்தன என்றும், அவற்றுள் அஸீஸிய்யா என்னும் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன என்றும் அவர் குறித்துள்ளார். அந்த நூலகத்தை வக்ஃபு செய்தவர் தொடக்க காலத்தில் மர்வுச் சந்தையில் பழமும் நறுமணத் தழைகளும் விற்றவர்; பின்னாளில் சுல்தான் சன்ஜரின் பணியில் அமர்ந்தவர்.

யாகூத் பெரிதும் நெகிழ்ந்து குறிப்பிடுவது நூல்களின் எண்ணிக்கையை அன்று. தம் இருப்பிடத்தில் எந்நேரமும் இருநூறும் அதற்கு மேலுமான இரவல் நூல்கள் இருந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எவரும் தம்மிடம் அடகு கேட்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். கையால் எழுதப்பட்ட ஒவ்வொரு நூலும் பெரும் பொருள் பெறும் காலம் அது. வந்தவரோ ஊரார் அல்லர். நாளையே புறப்பட்டுவிடக்கூடிய பயணி. இருந்தும் நூலகத்தார் அவரை நம்பினர்.

மங்கோலியப் படையெடுப்பின் செய்தி கேட்டு யாகூத் அந்நகரை விட்டு வெளியேறினார். 1221-இல் மர்வு வீழ்ந்தது. அந்த நூலகங்களும் மறைந்தன. எனினும், அவர் தொகுத்த ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் ஊர்ப்பெயர்க் களஞ்சியத்தின் செய்திகளுள் பெரும்பகுதி அங்கே இரவல் பெற்ற நூல்களிலிருந்து திரட்டியவையே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பூட்டி வைத்த நூல்கள் நகரத்தோடு அழிந்தன. நம்பிக் கொடுத்த நூல்களின் சாரம் எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் நம் கைகளில் உள்ளது.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது இரண்டு. நூலகம் நிலைத்து நிற்க ஊரார் ஒதுக்கிய நிலையான வருவாய் வேண்டும். அது பயன்பட வேண்டுமெனில், வருபவரை நம்பி நூலைக் கையில் கொடுக்கும் மனம் வேண்டும். நம் மாநிலத்தின் நூலக வரலாறும் இவ்விரண்டையும் தேடி நடந்த வரலாறே.

சென்னையில் தொடக்கம்

நவாப் குலாம் கவுஸ் கான் அவர்கள் கர்நாடக நவாபாக இருந்த காலத்தில், 1850-இல் சென்னை திருவல்லிக்கேணிப் பகுதியில் ‘முஹம்மதன் பப்ளிக் லைப்ரரி’ தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றவர். அதற்கு அடுத்த ஆண்டு உருவான சென்னை அருங்காட்சியகத்திற்குப் பொறுப்பேற்றவரும் இவரே.

அந்த அருங்காட்சியகத்தின் வளாகத்திலேதான் புகழ்பெற்ற கன்னிமாரா நூலகமும் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகுந்துபோன நூல்கள் 1860களின் தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டன. அவை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியில் வைக்கப்பட்டிருந்தன. ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890-இல் தனிக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5 அன்று நூலகம் திறக்கப்பட்டது.

இவை போற்றத்தக்க பணிகள்தாம். ஆயினும் இவை தலைநகரில் இருந்தன. கற்றோரை நோக்கியே இருந்தன. தஞ்சைச் சீமையில் ஏர் பிடித்தவருக்கும் இராமநாதபுரம் கடற்கரையில் வலை இழுத்தவருக்கும் அவற்றால் என்ன பயன்? நூலகம் ஊருக்கு வரவேண்டும் என்று முழங்க ஒருவர் தேவைப்பட்டார்.

கணித ஆசிரியரும் மாட்டு வண்டியும்

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டார். ஆளரவமற்ற அந்த அறையில் அமர்ந்திருக்க இயலாமல், மீண்டும் வகுப்பறைக்கே போய்விட விரும்பினார் என்பர். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது அவர் மனம் மாறியது. அங்குள்ள பொது நூலகங்களுக்குத் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் சிறுவர்களும் வந்து செல்வதை அவர் கண்டார். ‘இது ஏன் நம் ஊரில் இல்லை?’ என்னும் கேள்வியே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. ரங்கநாதன் அதன் செயலாளரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலை வெளியிட்டார். நூலைக் காப்பதைக் காட்டிலும் பயன்படுத்துவதே முதன்மையானது என்பதே அவ்விதிகளுள் முதலாவதன் கருத்து. இன்று இது எளிய உண்மையாகத் தோன்றலாம். நூலைப் பூட்டி வைப்பதே நூலகரின் கடமை என்று கருதப்பட்ட காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் மாட்டு வண்டி ஒன்றை நூலகமாக மாற்றினார். வண்டி நிறைய நூல்களை அடுக்கிச் சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நெல்லும் வைக்கோலும் ஏறிய பாதையில் நூல்கள் ஏறின. நூலகத்துக்குப் போக இயலாதவரிடம் நூலகமே போயிற்று.

எனினும் மாட்டு வண்டிக்கும் செலவு உண்டு. தனியொருவரின் கொடை அவர் காலத்தோடு நின்றுவிடக்கூடும். ஆகவே, நிலையான வருவாய்க்குச் சட்டமே வழி என்று ரங்கநாதன் கருதினார். 1930-இல் காசியில் கூடிய கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார்.

சட்டம் பிறந்த கதை

அந்த மாதிரியைக் கையிலேந்தி 1933-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதாவைக் கொண்டுவந்தவர் யார் என்பதை நம் சமுதாயத்தில் அறிந்தவர் மிகச் சிலரே. அவர் ஜனாப் பஷீர் அஹமது சயீது அவர்கள். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். 1955-இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை நிறுவியவர் என்ற வகையில் அவரை நாம் நினைவுகூர்கிறோம். ஆனால், எல்லாச் சமயத்தாருக்கும் எல்லா ஊராருக்கும் நூலகம் வேண்டும் என்று அவர் எடுத்த முயற்சியை மறந்துவிட்டோம். அவருடைய மசோதா அன்று சட்டமாகவில்லை. ஆயினும் அந்தக் கோரிக்கை மடியவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின், கல்வி அமைச்சராயிருந்த தி.சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. 1950 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் நம்முடையதே. சொத்து வரி, வீட்டு வரி ஆகியவற்றின் மீது ரூபாய்க்கு அரையணா வீதம் நூலக வரி விதிக்க அச்சட்டம் வழி செய்தது. பதினாறு அணா கொண்ட ரூபாயில் அரையணா என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அரையணாதான் படிப்படியாக உயர்ந்து இன்று பத்துப் பைசாவாக நம் ரசீதில் நிற்கிறது.

இந்த வரியை உள்ளாட்சி மன்றங்கள் தண்டி, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டே மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் நடத்தப்படுகின்றன. மர்வு நகரில் பழவணிகர் ஒருவர் வக்ஃபு செய்து நிறைவேற்றியதை, இங்கே ஊரார் அனைவரும் அரையணா அரையணாவாகச் சேர்த்து நிறைவேற்றினர்.

ஒரு கையெழுத்து

இச்சட்டத்தின் பயனை நாமே அனுபவித்திருக்கிறோம். 1990களில் வெளியூர் ஒன்றில் நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். அரபு இலக்கணம் தெரியும். கிதாபு பார்க்கத் தெரியும். ஆனால், செய்தித்தாளின் தலையங்கத்தைத் தடுமாறாமல் படிக்கத் தெரியாது. தபால் நிலையத்தில் படிவம் நிரப்பவும் பிறரை நாடினோம். அஸருக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் அவ்வூர்க் கிளை நூலகத்துக்குச் செல்லத் தொடங்கினோம்.

சில வாரங்கள் அங்கேயே அமர்ந்து படித்தபின், நூலை எடுத்துச் செல்ல விரும்பினோம். உறுப்பினராக உள்ளூர்க்காரர் ஒருவர் பிணைக் கையெழுத்து இட வேண்டும் என்றார்கள். நாமோ விடுதி மாணவர். அவ்வூரில் நம்மை அறிந்தவர் எவருமில்லை. திரும்பி நடந்தபோது நூலகர் அழைத்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். “தம்பி, நீங்கள் தினமும் வருவதை நான் பார்க்கிறேன்” என்று கூறி, அப்படிவத்தில் தாமே பிணையாகக் கையெழுத்திட்டார். காப்புத்தொகையில் குறைந்த ரூபாயையும் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். இன்று மிம்பரில் நின்று நாலு பேருக்கு விளங்கும் தமிழில் நாம் பேசுகிறோம் எனில், அதில் அந்தக் கையெழுத்துக்கும் பங்குண்டு. யாகூத்தின் குறிப்பைப் பின்னாளில் படித்தபோது அந்த நூலகரின் முகமே நம் நினைவுக்கு வந்தது.

எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்து பார்த்தாலும் இத்தகைய பணி நடப்பதைக் காணலாம். காலையில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற முதியோர் அமர்ந்திருப்பர். மற்றொரு மூலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் இளம்பெண்களும் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பர். தனி அறையும் மின்விசிறியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாற்காலியே படிப்பறை. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் ஓய்வாக இருக்கும் நாளில் நூலகம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. 2010-இல் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கான பிரெயில் பகுதியும், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போருக்கான பகுதியும் அமைந்துள்ளன. 2023-இல் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

தீயும் பூட்டும்

ஒரு நூலகம் ஊருக்கு எத்தகையது என்பதை அதை இழந்தவர்களிடம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா அவர்கள் 1933-இல் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் கைகோத்து அதைப் பொது நூலகமாக வளர்த்தனர். அதன் பெருங்கட்டடம் அமைக்கப்பட்டபோது ஆலோசகராக இருந்தவர் நம் ரங்கநாதன் அவர்களே. 1959-இல் அக்கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அந்நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் கட்டப்பட்டு 2003-இல் திறக்கப்பட்டுவிட்டபோதிலும், அந்த இரவைப் பற்றிப் பேசும்போது அம்மக்களின் குரல் இன்றும் தழுதழுக்கிறது.

தீ ஓர் இரவில் செய்வதைப் பூட்டு பல ஆண்டுகளில் ஓசையின்றிச் செய்து முடிக்கிறது. 2006-க்குப் பின் ஊராட்சிகள்தோறும் நூலகம் அமைக்கும் திட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் ஏராளமான கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் பல பின்னர் திறப்பாரின்றிக் கிடந்தன. கட்டடமும் நூல்களும் இருந்தும், திறந்து வைக்க ஆளும் தேடி வர வாசகரும் இல்லாத இடத்தில் நூலகம் நிலைப்பதில்லை.

பிறர் குறையைக் கூறி நம் குறையை மறைத்தல் தகாது. நம் பள்ளியின் மேல்மாடியில் மர அலமாரி ஒன்று உண்டு. முன்னோர்கள் அன்பளிப்பாக அளித்த தமிழ், அரபு, உருது நூல்கள் அதில் உள்ளன. நூல்கள் தொலைந்துவிடும் என்று அஞ்சி அதன் சாவியை நாமே வைத்திருந்தோம். கல்லூரி மாணவர் சிலர் கேட்டபோது, ‘பிறகு பார்க்கலாம்’ என்று அனுப்பியதும் உண்டு. இக்கட்டுரைக்காகக் குறிப்பு ஒன்றைத் தேடி அண்மையில் அதைத் திறந்தோம். கீழ்த்தட்டு முழுவதையும் கரையான் அரித்திருந்தது. நாம் இட்ட பூட்டு மாணவரைத் தடுத்ததே தவிர, கரையானைத் தடுக்கவில்லை. நமக்காகப் பிணை நின்ற அந்த நூலகரை எண்ணி அன்று நாம் வெட்கினோம்.

நாம் செய்யக்கூடியவை

எனவே, ஜமாஅத் பெருமக்களிடமும் நிர்வாகக் கமிட்டியாரிடமும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, நம் மஹல்லாவின் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் கிளை நூலகத்தில் உறுப்பினராக வேண்டும். குறிப்பாக, பள்ளிப்படிப்பு முடித்து வீட்டிலிருக்கும் பெண்மக்களை அனுப்பி வைக்க வேண்டும். வாசகர் இல்லாத நூலகத்துக்குப் புதிய நூலும் வராது. பழுதுபார்க்கப் பணமும் வராது.

இரண்டாவதாக, நூலகங்களில் ‘புரவலர்’ என்னும் பெயரில் நன்கொடையாளர்களைச் சேர்க்கின்றனர். வாசகர் வட்டங்களும் உள்ளன. அவற்றில் நம்மவர்களும் பங்கேற்க வேண்டும். நூலக வரி முறையாக நூலகத்துக்குச் சென்று சேர்கிறதா என்று உள்ளாட்சி மன்றத்தில் கேட்பதும் நம் உரிமையே. கேட்பவர் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

மூன்றாவதாக, நம் பள்ளியின் அலமாரி இனிப் பூட்டப்படாது. சாவியைக் கமிட்டியாரிடம் ஒப்படைத்துவிட்டோம். எஞ்சிய நூல்களை வெயிலில் உலர்த்தி, மாணவர்கள் இருவர் பட்டியல் எழுதி வருகின்றனர். எவர் கேட்பினும், எச்சமயத்தவராயினும், பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டு நூல் கொடுக்கப்படும். பிணைக்கு ஆளில்லாதவருக்கு நாமே பிணை நிற்போம். சில நூல்கள் திரும்பி வாராமல் போகலாம். கரையானுக்குக் கொடுத்ததைவிட அது குறைந்த இழப்பே.

இந்த ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் வரவு செலவுக் கணக்கு அச்சாகியுள்ளது. விளக்கு, தண்ணீர், பாய், வெள்ளையடிப்பு எனப் பல தலைப்புகள் அதில் உள்ளன. நூலுக்கெனத் தனித் தலைப்பு இல்லை. அடுத்த ஆண்டறிக்கையில் அதற்கென ஒரு வரி சேர வேண்டும். தொகை சிறிதாயிருப்பினும் ஆண்டுதோறும் தவறாமல் வரட்டும். அரையணாவில் தொடங்கியதே நம் மாநிலத்தின் நூலகங்கள் அனைத்தும்.